கால் ஊன்றாத எட்டு

கம்பத்திலிருந்து மலையாளத்துத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளில் பாதிக்கு அப்போது நான்தான் சீட் தைத்தேன். மேல் படுதாவும் தைப்பேன். மலை ஏறுகிற மெட்டுச் சாலையில் சாய்த்து அடிக்கிற மழையில் ஒரு சொட்டு உள்ளே இறங்கினால் கடையை இழுத்து மூடிவிடுகிறேன் என்று சவால் விட்டுத்தான் தைப்பேன். ஆனால் அந்த ஜீப்பை ஓரடி நகர்த்தி நிறுத்தச் சொன்னால் எனக்கு வேர்த்துவிடும். ஜீப் எதற்கு, மொபெட்டே ஓட்டத் தெரியாது. நாற்பத்திரண்டு வயது, சொந்தமாகக் குஷன் கடை, பிழைப்பு முழுக்க வண்டிகளுக்கு நடுவில், கையில் லைசென்ஸ் கிடையாது.

டெஸ்டுக்குப் போகாமல் இல்லை. மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் பிரேக் இன்ஸ்பெக்டர் எட்டுப் போடச் சொன்னார். எட்டு என்ற எண்ணைத் தரையில் எழுதுவது மாதிரி வளைத்து வளைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். கால் தரையில் படக்கூடாது. முதல் சுழியில் ராஜா மாதிரிதான் போவேன். அடுத்த சுழிக்குத் திரும்புகிற இடத்தில் வண்டி லேசாகச் சாயும். உடனே என் வலது கால் என்னைக் கேட்காமல் இறங்கித் தரையில் ஊன்றிக்கொள்ளும். மூன்றாவது தடவை இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "அண்ணே, உங்களுக்கு வண்டி ஓட்ட வருது. கால்தான் ஒத்து வரமாட்டேங்குது" என்றார். நல்ல மனுஷர்.

என் வீட்டுக்காரி முதல் தடவையிலேயே எட்டுப் போட்டுவிட்டு வந்தவள். உத்தமபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். முக்காட்டை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் மொபெட் ஓட்ட, பின்னால் நான் ரெக்சின் சுருளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து போவேன். ஜீப் ஸ்டாண்டைத் தாண்டும்போது ஒரு குரல் கட்டாயம் வரும்: "அக்கா, லோடு பத்திரம்!" அதற்கு அவளும் சேர்ந்து சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள், என் கையில் ஒரு வண்டி இருக்க வேண்டும், அது இவள் மொபெட்டைத் தாண்டிப் போக வேண்டும். அந்த வயதில் எனக்கிருந்த ஒரே வெறி அதுதான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

பள்ளத்தாக்கில் காற்றாலைகள் முளைத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. இரண்டாயிரத்து எட்டு என்று நினைக்கிறேன். அந்த ஆனியில் மலையாளத்து மழை பிந்திவிட்டது, காற்று மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டது. கடை வாசலில் தொங்கவிட்ட சீட் கவர்கள் எல்லாம் கிடைமட்டமாகப் பறந்தன. ஒரு மத்தியானம் என் மச்சினன், அதாவது அவள் தம்பி, ஜீப்பைக் கொண்டுவந்து கடைக்கு முன்னால் நிறுத்தினான். பின்னால் பன்னிரண்டு பேர், முன்னால் ஒரு வெள்ளைக்காரத் தம்பி, அவர் மடியில் ஒரு பெரிய பை.

"மச்சான், காத்தாடி கம்பெனிக்கு வந்தவுக. டென்மார்க்காம். ஏதோ துணி தைக்கணுமாம். நான் இவுகளை எறக்கிவிட்டுட்டுப் போறேன், லோடு காத்துக்கெடக்கு" என்றான்.

அந்தத் தம்பிக்கு இருபத்தாறு வயது இருக்கும். காற்றாலை இறக்கைகளைக் கோபுரத்தில் பொருத்துகிற வேலை. அதில் ஒரு வேடிக்கை உண்டு. காற்று பலமாக அடித்தால் கிரேனில் இறக்கையைத் தூக்க முடியாது. காற்றுக்காகவே வந்த கம்பெனி, காற்று வந்துவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கும். அந்தச் சும்மா நாட்களுக்காக ஊரிலிருந்து தன் விளையாட்டுச் சாமானைக் கொண்டுவந்திருந்தார். பையைப் பிரித்து என் கடைத் தரையில் விரித்தார். கடை போதவில்லை. பாதி ரோட்டுக்குப் போய்விட்டது.

பட்டம். ஆனால் நாம் தெரிந்து வைத்திருக்கிற பட்டம் இல்லை. குச்சியே கிடையாது. முன்விளிம்பு முழுக்க என் தொடைத் தடிமனில் ஒரு துணிக்குழாய், அதற்குள் ட்யூப். அதில் காற்று அடித்தால் பட்டம் விறைத்துப் பிறை வடிவில் நிற்கும். குறுக்கே மூன்று சின்னக் குழாய்கள். கயிற்றின் மறுமுனையில் ஒரு கைப்பிடிக் கம்பு. இதைப் பிடித்துக்கொண்டு மூன்று சக்கர வண்டி ஒன்றில் தரையோடு தரையாக உட்கார்ந்தால் பட்டம் வண்டியை இழுக்கும். கடற்கரை மணலில் காரைத் தாண்டிப் போகலாம் என்று அரைகுறை இங்கிலீஷிலும் கைச்சாடையிலுமாகச் சொன்னார். எஞ்சின் இல்லை, கியர் இல்லை, கிளட்ச் இல்லை. அதைக் கேட்டதுமே என் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது.

வெயிலில் காற்று விரிந்து, முன்குழாயின் தையல் ஒரு முழம் பிரிந்திருந்தது. எனக்கு ஒரு நிமிடத்தில் விஷயம் பிடிபட்டுவிட்டது. குஷன் சீட்டுக்கு வடிவம் கொடுப்பது உள்ளே இருக்கிற பஞ்சு என்று எல்லோரும் நினைப்பார்கள். வடிவம், ஓரத்தில் கயிறு வைத்து உருட்டித் தைக்கிற பைப்பிங்கில் இருக்கிறது. இந்தப் பட்டத்துக்கும் குழாய்தான் பைப்பிங். அது விறைப்பாக நின்றால், காற்று முன்னும் பின்னும் தள்ளினாலும் பட்டம் கசங்காது. அவரும் அதைத்தான் சொன்னார். அவர் ஊரில் இந்த வண்டிக்காரர்களில் பாதிப் பேர் குழாய் இல்லாத, துணியாலேயே ஆன பட்டம்தான் வைத்திருக்கிறார்களாம். திடீரென்று காற்று விட்டுவிட்டு அடிக்கும்போது அது மடங்கிக்கொள்கிறது, குழாய்ப் பட்டம் மடங்காமல் வேகத்தைப் பிடித்து வைக்கிறது என்பது இவர் கட்சி.

நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். தையல்காரனின் கர்வம் விடவில்லை. காற்று நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்று, அவர் டீ குடிக்கப் போன நேரம் பட்டத்தைப் பக்கத்துப் பஞ்சர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் கம்ப்ரசரை மாட்டினேன். ஜீப்புக்காரர்களோடு பழகியவனுக்குக் காற்று என்றால் ஒரே கணக்குதான். ஜீப் டயர் எவ்வளவு கேட்குமோ அவ்வளவு. குழாய் பெருத்தது, மின்னியது, டம் என்று தட்டினால் மேளம் மாதிரி சத்தம் கொடுத்தது. பிரமாதம் என்று நினைத்தேன். டீக் கிளாசோடு ஓடிவந்த அந்தத் தம்பி இரண்டு கையையும் தூக்கி என்னவோ கத்தினார். அதே நொடியில் வெடித்தது.

ஜீப் ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேரும் குனிந்துவிட்டார்கள். புழுதி அடங்கி எல்லோரும் மெதுவாகத் தலையைத் தூக்கினபோது நான் முதலில் பார்த்தது என் தையலை. பிரியவில்லை! தையலுக்குப் பக்கத்துத் துணிதான் கிழிந்திருந்தது. "தையல் நிக்குது தம்பி, பாருங்க" என்று காட்டினேன். அவர் என்னையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ரோட்டிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் பையில் மாற்று ட்யூப் ஒன்று இருந்ததால் நான் தப்பித்தேன். கிழிந்த இடத்துக்கு உள்ளும் வெளியும் துண்டு வைத்து இரண்டு நாள் உட்கார்ந்து தைத்தேன். கையால் அடிக்கிற பம்ப் ஒன்று வைத்திருந்தார், அதற்கு மேல் ஒரு பொட்டுக் காற்றுக்கூட அடிக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

கூலியாக என்ன வேண்டும் என்று கேட்டார். அந்த மூன்று சக்கர வண்டியை ஒரு தடவை ஓட்ட வேண்டும் என்றேன்.

இதை வீட்டில் சொன்னபோது அவள் மாணவிகளின் தையல் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்: "அதுல கால் எங்கன வைக்கணும்?"

"முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கம்பி இருக்கு. அதுல ரெண்டு காலையும் வச்சு மிதிச்சாத்தான் திரும்பும்."

"கீழ எடுத்துட்டா?"

"எடுக்கக்கூடாது."

நோட்டை மூடி வைத்தாள். "அப்ப நானும் வாரேன். இதைப் பாக்காம விட்டா ஆயுசுக்கும் வருத்தப்படுவேன்" என்றாள்.

வறண்டு கிடந்த வைகை அணைக்குப் போவதற்கு ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் இருந்தது. அடுத்த வாரம் அவருக்கு வேறு ஊரில் வேலை. மலையாளத்தில் மழை பிடித்துவிட்டால் பெரியாற்றுத் தண்ணீர் வந்து வைகை அணை நிறைய ஆரம்பித்துவிடும். அணை வறண்டிருந்தால்தான் எங்களுக்குக் கடற்கரை. ஜும்மா தொழுகை முடிந்ததும் மச்சினன் ஜீப்பில் பட்டம், வண்டி, நாங்கள் மூவர், பின்னால் கயிறு போட்டுக் கட்டிய அவள் மொபெட். மொபெட் எதற்கு என்று கேட்டேன். ஆண்டிபட்டியில் அக்கா வீட்டுக்குப் போகணும் என்றாள். கம்பத்து ஜீப் காலியாக ஓடிப் பழக்கமில்லாததால் மச்சினன் சின்னமனூரில் நாலு பேரையும் தேனியில் ஆறு பேரையும் ஏற்றினான். ஒருவர் பட்டத்தின் மேலேயே உட்கார்ந்து, "சீட் நல்லாருக்கே, எங்கன தைச்சீக?" என்று கேட்டார். டென்மார்க் தம்பி கண்ணை மூடிக்கொண்டார்.

அணைக்குள் தண்ணீர் எங்கேயோ தூரத்தில் ஒரு கோடாகக் கிடந்தது. இந்தப் பக்கம் முழுக்கக் காய்ந்த வண்டல். மேலே மாவு மாதிரி மெல்லிய புழுதி, அடியில் சிமெண்ட் போட்ட மாதிரி கெட்டி. மேற்கே மலை இடுக்கிலிருந்து புறப்பட்ட காற்று தடுக்க ஒரு மரமில்லாமல் வந்தது. அவர் அதில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்று, தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொன்னார்: "நல்லாருக்கு!"

பெரிய பட்டம் ஒன்றும் சின்னது ஒன்றும் இருந்தன. வேகத்துக்குப் பெரிசுதானே என்று நான் பெரிசை எடுத்தேன். பிடுங்கி வைத்துவிட்டார். இந்தக் காற்றில் பெரிசைப் பிடித்தால் வண்டி போகாது, நீதான் போவாய், ஆகாயத்துக்கு என்று சொன்னார். என் வீட்டுக்காரிதான் மொழிபெயர்ப்பு. அவர் இரண்டு வார்த்தை சொன்னால் இவள் பத்தாகச் சொல்வாள். "பெருசு வேணாமாம். பேராசைப்பட்டீகன்னா ஆண்டிபட்டி கணவாயில போயி பொறுக்கணுமாம் உங்களை" என்றாள். அவர் ஆண்டிபட்டி என்று சொல்லி நான் கேட்கவே இல்லை.

முதலில் அவர் ஓட்டிக் காட்டினார். சின்னப் பட்டம் மேலே ஏறி ஒரு பக்கமாகச் சரிந்ததும் வண்டி விருட்டென்று கிளம்பியது. காற்று அடிக்கிற திசையில் போகும் என்று நினைத்தோம், குறுக்கே போனது! குறுக்கே போனால்தான் காற்றையே தாண்டுகிற வேகம் வருமாம். எப்படி என்று விளக்கினார், எனக்கும் புரியவில்லை, மொழிபெயர்த்தவளுக்கும் புரியவில்லை. பின்னால் புழுதி நீளமாக எழும்ப, மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பின. மச்சினன் வாயைப் பிளந்துகொண்டு, "டீசல் இல்லாமலேவா!" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

பிறகு என் முறை. வண்டியில் ஏறும் முன் நின்றுகொண்டே பட்டத்தைப் பழக வேண்டும். கம்பை வலதுபக்கம் இழுத்தால் பட்டம் வலது, இடது இழுத்தால் இடது. பயம் வந்தால் கம்பை முன்னால் தள்ளிவிடு, இழுப்பு குறைந்துவிடும். கிளம்புவதற்கு இழுப்பு வேண்டுமென்றால் என்று சொல்லி, அவர் விரலால் ஆகாயத்தில் ஒரு வடிவம் போட்டுக் காட்டினார். அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்னது அது?"

அவள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். "எட்டுப் போடணுமாம்."

யா அல்லா, இங்கேயுமா! மூன்று தடவை மைதானத்தில் தோற்றவனை ஆகாயத்தில் எட்டுப் போடச் சொன்னால் எப்படி? முதல் முயற்சியில் பட்டம் என்னைக் குப்புறத் தள்ளிப் பத்தடி இழுத்துக்கொண்டு போனது. இரண்டாவதில் தொப்பியும் போயிற்று, ஒரு ஆடு அதை முகர்ந்து பார்த்தது. நாலாவதோ ஐந்தாவதோ, பட்டம் வலப்பக்கம் வளைந்து இறங்கி, நடுவில் குறுக்கே வெட்டி, இடப்பக்கம் வளைந்து ஏறியது. எட்டு. மறுபடியும் ஒன்று. பிறகு ஒன்று. கை தானாகப் போட்டது. காலைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

வண்டியில் உட்காரவைத்து அவருடைய ஹெல்மெட்டை என் தலையில் மாட்டினார். நிற்க வேண்டுமென்றால் காற்றுக்கு எதிராகத் திரும்பு, பட்டத்தை உச்சியில் நிறுத்து, பிரேக் கிடையாது. கடைசியாக என் இரண்டு காலையும் கம்பியில் வைத்து, மேலே தட்டி, "நோ லெக்!" என்றார். இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

கிளம்பினேன். இருபதடி போயிருப்பேன். வண்டி லேசாகச் சாய்ந்தது. என் வலது கால் இறங்கிவிட்டது. செருப்பைத் தரை பிடுங்கிக்கொண்டது, வண்டி ஒற்றைக் காலில் பம்பரமாகச் சுற்றி என்னைக் கவிழ்த்தது. மச்சினன் ஓடிவந்தான். அவள் ஓடிவரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "இன்ஸ்பெக்டர் ஃபெயில் போட்டுட்டாக!" என்று கத்தினாள்.

எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே வந்தது. இத்தனை தூரம் வந்து, ஆகாயத்தில் எட்டுப் போட்டுவிட்டு, மறுபடியும் அதே காலா? மறு செருப்பையும் கழற்றி எறிந்தேன். வெறுங்காலால் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், விரல்களை மடக்கி, கிளி மரக்கிளையைப் பிடிக்கிற மாதிரி. பட்டத்தை ஏற்றினேன்.

பக்கத்தில் டர்ர்ர் என்று சத்தம். திரும்பினால் அவள், மொபெட்டில், முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு. மச்சினனும் அவளுமாக அதை ஜீப்பிலிருந்து எப்போது இறக்கினார்கள் என்றே தெரியவில்லை. அக்கா வீடாவது ஒன்றாவது! இதற்காகத்தான் அறுபது கிலோமீட்டர் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். என் வெறி அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"அந்தா தெரியுது பாருங்க தண்ணி கேனு, அது வரைக்கும். வாரீகளா?" என்றாள், பதிலுக்குக் காத்திராமல் முறுக்கினாள்.

பட்டத்தை இறக்கி எட்டுப் போட்டேன். இழுப்பு தோளில் வந்து ஏறியது. வண்டி நகர்ந்தது, ஓடியது, பிறகு ஓடுவது என்ற சொல்லெல்லாம் போதாமல் போயிற்று. உட்கார்ந்த இடம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், தரை முழுவதும் என் அடியில் உருவிக்கொண்டு போனது. புழுதி பல்லுக்குள் புகுந்தது. வாயை மூட முடியவில்லை, சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் முதுகு கிட்டே வந்தது, முக்காடு கிட்டே வந்தது, அவள் முகம் பக்கத்தில் வந்தது. ஒரு நொடி இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். பத்தொன்பது வருடமாக முதுகை மட்டும் பார்த்து வந்த ஒருத்தியை, ஓடும் வண்டியிலிருந்து முகத்துக்கு முகம் பார்த்தேன். அப்புறம் அவள் பின்னால் போய்விட்டாள். அவள் கத்துவது கேட்டது, என்னவென்று கேட்கவில்லை.

கேன் வந்தது. திரும்ப வேண்டும். வண்டி சாய்ந்தது. வலது கால் துடித்தது. விரல்களை இன்னும் மடக்கினேன், பட்டத்தை மட்டும் பார்த்தேன். பட்டம் தலைக்கு மேலாக மறுபக்கம் போனது, வண்டி அதற்குக் கீழேயே வளைந்து வந்தது. திரும்பி வந்த வழியில் என் முந்தின தடத்தைக் குறுக்கே வெட்டினேன். அந்தப் பக்கக் கோடியில் மறுபடி சாய்வு, மறுபடி வளைவு. அவர் கையை ஆட்டி நிறுத்தச் சொல்லும்வரை போய்க்கொண்டே இருந்தேன். காற்றுக்கு எதிராகத் திருப்பி, பட்டத்தை உச்சியில் நிறுத்தினேன். இறங்கினேன். டென்மார்க் தம்பி என்னைத் தூக்கிச் சுற்றினார்.

அவள் வந்து மொபெட்டை ஸ்டாண்ட் போட்டாள். என்னிடம் வரவில்லை. நேராகப் புழுதியில் கிடந்த சக்கரத் தடத்துக்குப் போனாள். மூன்று சக்கரம் விட்ட மூன்று கோடு, நீளமாக ஒரு சுழி, குறுக்கே வெட்டி மறுபடி ஒரு சுழி. கோணலான பெரிய எட்டு. குனிந்துகொண்டு அதன் கூடவே நடந்தாள், மாணவிகள் தைத்த ஓரத்தை ஒரு தையல் விடாமல் பார்க்கிற அதே பார்வை. முதல் திருப்பத்தில் உட்கார்ந்தே பார்த்தாள். எனக்கு டெஸ்ட் மைதானத்தில்கூட நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டதில்லை. இரண்டாவது திருப்பத்தையும் பார்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"ஒரு கால் தடம்கூட இல்ல" என்றாள். "பாஸு."

பிறகு மொபெட் சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள். போய்ப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவள் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அது நான் தைத்த சீட்டுதான்.

செருப்பில்லாத காலோடு ஏறினேன். வண்டி ஆடியது, சாய்ந்தது, கால் இறங்கவில்லை. நடந்து போகிற வேகத்தில் நேராக, அணையின் வெறும் தரையில், மாடு மேய்க்கப் போகிறவர் மாதிரி போய்க்கொண்டிருந்தோம். என் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, என் காதருகில் சொன்னாள்:

"ஏங்க, கொஞ்சம் வெரசாத்தான் போங்களேன்."